ஜீவாமிர்த மேடைக்குக் குழாய் பொருத்தும் முறை

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி அமைந்த ஊர் மீமிசல். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பி நிற்கும் வயல்கள். இப்படிப்பட்ட கடலோரப் பகுதிகளில் கிணற்று நீர் கொல்லைக்குக் கொல்லை ருசி மாறும். மண்ணில் மக்குச்சத்தைக் கூட்டினால்தான் ஈரமும் உரமும் நிற்கும். ஆகவேதான் மாட்டுச் சாணம், கோமியம் கொண்டு தயாரிக்கும் ஜீவாமிர்தக் கரைசலில் பல விவசாயிகள் நாட்டம் கொண்டிருக்கிறார்கள்.

கரைசல் தயாரிப்பது சிரமமில்லை. வயலுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் சிரமம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலை வாளியில் மொண்டு வாய்க்காலில் ஊற்ற வேண்டுமானால், கூடவே ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதற்காக டிரம்மின் அடியில் ஒரு குழாயைப் பொருத்தி விடுகிறார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு குழாயில் சாணம் அடைத்துக்கொள்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் விட்டாலோ சொட்டுவான்கள் அடைபட்டு, கோடை நேரத்தில் வரிசை வரிசையாகச் செடிகள் வாடுகின்றன. "கரைசல் சரியில்லை" என்று பழியைக் கரைசல் மீது போட்டு, டிரம்மைக் கவிழ்த்து வைத்து விடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலும் கோளாறு கரைசலில் இல்லை. குழாய் போன பாதையில் இருக்கிறது. வீட்டிலேயே ஒரு மேடை கட்டி, டிரம், வடிகட்டி, ஹோஸ் ஆகியவற்றை முறையாக இணைக்கும் விதத்தை இங்கே பார்ப்போம்.

மூன்று விதிகள்

எந்த அளவில் மேடை கட்டினாலும் மூன்று விதிகளை மனதில் கொள்ள வேண்டும்.

ஒன்று: டிரம்மிலிருந்து வரும் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். இடையில் மேடும் கூடாது, தொய்வும் கூடாது. மேட்டில் காற்று தங்கும். தொய்வில் சகதி தங்கும்.

இரண்டு: ஒவ்வொரு இணைப்பையும் கையால் கழற்றிக் கழுவ வழி இருக்க வேண்டும். சாணக் கரைசல் போகும் குழாய் என்றைக்காவது அடைக்கத்தான் செய்யும். அறுத்து எடுக்காமல் சரி செய்ய முடிகிறதா என்பதே கேள்வி.

மூன்று: எந்தக் காரணத்தைக் கொண்டும் கரைசல் கிணற்றுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ திரும்பக் கூடாது. முதல் இரண்டு விதிகளை மீறினால் வேலை கெடும். மூன்றாவதை மீறினால் வீட்டார் உடம்பு கெடும்.

கரைசல் அளவு

மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறைப்படி, ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி ஆகியவை தேவை. இதை நிழலில் 48 மணி நேரம் புளிக்க விட்டு, காலையும் மாலையும் மரத்துடுப்பால் கலக்கி விட வேண்டும்.

கடையில் கிடைக்கும் 200 லிட்டர் டிரம்மில் இவ்வளவையும் போட்டால் நுரை பொங்கி வழியும். ஆகவே முக்கால் அளவு போடுவது உசிதம். 150 லிட்டர் தண்ணீர், ஏழரைக் கிலோ சாணம், 4 முதல் 7 லிட்டர் கோமியம், வெல்லமும் மாவும் ஒன்றரைக் கிலோ வீதம் போதும். இது முக்கால் ஏக்கருக்கு வரும். பனை வளம் உள்ள ஊர்களில் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியைப் பயன்படுத்தலாம்.

தண்ணீரைக் கவனிக்க வேண்டும். உவர்ப்பான கிணற்று நீரில் கரைத்தால் அந்த உப்பையும் சேர்த்தே செடிக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். மழை நீரோ, கண்மாய், ஊருணி நீரோ நல்லது. குளோரின் கலந்த குழாய் நீர்தான் கிடைக்கும் என்றால், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்த வேண்டும். கிருமி கொல்லும் மருந்து நுண்ணுயிர்களையும் கொன்று விடும் அல்லவா?

கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பிரபலமாக்கிய பஞ்சகவ்யாவை இந்த மேடை வழியே சொட்டுநீரில் விட வேண்டாம். அதில் நெய் சேர்வதால் வடிகட்டியில் பிசுபிசுப்பு ஏறும். அதை 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் வீதம் கலந்து, நன்றாக வடிகட்டி, இலைவழியாகத் தெளிப்பதே ஏற்றது.

மேடை

தண்ணீர் நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை வரும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் பலகையைப் போட்டு நிறுத்துவது ஆபத்து. புதுக்கோட்டைச் சீமையில் கிடைக்கும் செம்புராங்கல்லைச் சிமெண்ட் வைத்துக் கட்டலாம். வைரம் பாய்ந்த பனங்கட்டைகளைக் கால்களாக நட்டும் அமைக்கலாம். கடற்காற்றில் இரும்பு ஆங்கிள் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரும்புதான் என்றால் ஆண்டுதோறும் சுரண்டி வர்ணம் பூச வேண்டும்.

உயரங்களைக் கீழ்க்கண்டவாறு வைத்துக்கொள்ளலாம்.

புளிக்கும் டிரம் நிற்கும் மேடை: தரையிலிருந்து 3 அடி.

வடிகட்டும் 50 லிட்டர் டிரம் நிற்கும் மேடை: 1 அடி.

20 லிட்டர் வாளி: தரையில்.

கலக்குகிற ஆள் ஏறி நிற்க: இரண்டரை அடி உயரத்தில் அகலமான படி.

டிரம்மின் உயரம் ஏறக்குறைய 3 அடி. ஆகவே அதன் வாய் தரையிலிருந்து 6 அடியில் இருக்கும். படி மேல் நின்றால் வாய் இடுப்பளவுக்கு வரும். துடுப்புப் போடுவது சுலபம். படி இல்லாமல் எக்கி நின்று கலக்கினால் அடியில் உள்ள சாணம் அசையாது. அசையாத சாணம்தான் பின்னால் குழாயை அடைக்கும்.

மேடை நிழலில் இருக்க வேண்டும். ஆனால் தென்னை மரத்தடி வேண்டாம். மட்டையோ தேங்காயோ விழுந்தால் குழாய் முறியும், ஆளுக்கும் ஆபத்து. குடிநீர்க் கிணற்றின் அருகிலும் மேடை போட வேண்டாம். கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில், தள்ளி அமைப்பது நல்லது.

டிரம்மும் துளைகளும்

பழைய டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். பூச்சி மருந்து, அமிலம், ரசாயனம் வந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் இதற்கு ஆகாது. வாய் முழுவதும் திறக்கும் பிளாஸ்டிக் டிரம்மே ஏற்றது.

டிரம்மில் இரண்டு துளைகள் போட வேண்டும். கரைசல் எடுக்கும் துளையின் நடு, அடியிலிருந்து 4 அங்குல உயரத்தில் இருக்கட்டும். இதற்கு 1¼ அங்குல டேங்க் நிப்பிள் பொருத்த வேண்டும். இந்த 4 அங்குலத்துக்குக் கீழே தங்கும் சுமார் 25 லிட்டரில்தான் சகதி முழுவதும் படியும். குழாயை அடியிலேயே வைத்தால் முதலில் வருவது சகதியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, சகதி கழிக்கும் துளை. அதை டிரம்மின் வேறொரு பக்கத்தில், நிப்பிளின் வளையம் இடிக்காத அளவுக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, ஒன்றரை அங்குல அளவில் வைக்கவும். டிரம்மின் எதிர்ப்பக்க அடியில் அரை அங்குலக் கட்டை ஒன்றைச் செருகினால், சகதி இந்தத் துளையை நோக்கி இறங்கும்.

துளையைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட வேண்டாம். ஓரம் நெளிந்து ஒழுகும். வட்டமாக அறுக்கும் பிட்டை டிரில்லிங் மெஷினில் மாட்டி அறுத்து, ஓரத்தைக் கத்தியால் சீவ வேண்டும். டிரம்மைப் படுக்க வைத்து, ஒருவர் உள்ளே கை விட்டு நிப்பிளைப் பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து நட்டை முடுக்க வேண்டும். உள்ளும் புறமும் தடித்த ரப்பர் வாஷர் அவசியம். டிரம்மின் சுவர் வளைவாக இருப்பதால் மெல்லிய வாஷர் பதியாது.

சிலர் பி.வி.சி. பைப்பின் நுனியைத் துளையில் செருகி, சுற்றிலும் பைப் பசையைப் பூசி விடுகிறார்கள். டிரம்மின் பிளாஸ்டிக் வேறு, பி.வி.சி. வேறு. பி.வி.சி. பசை டிரம்மில் ஒட்டாது. ஒரு நாள் பிடித்தது போலிருந்து மறுநாள் கழன்று விடும்.

பித்தளை வேண்டாம்

வால்வு, நிப்பிள் எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். பித்தளை உறுதியானது என்று எண்ணி வாங்குவோர் உண்டு. கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா பித்தளைக்கு எதிரி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ராணுவத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறைகளைத் தயாரிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து இதைச் செய்தன என்பது 1921-ல் விளக்கப்பட்டது. இறுக்கி முடுக்கிய பித்தளை வால்வுக்கும் அதே கதி நேரலாம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ கோமியத்துக்கும் கடற்காற்றுக்கும் இடையில் சீக்கிரமே அரித்துப் போகும்.

டிரம்மிலிருந்து வடிகட்டிக்கு

கரைசல் எடுக்கும் நிப்பிளிலிருந்து இணைப்பு வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் பால் வால்வு, அடுத்து யூனியன், அதற்கு அடுத்து டீ, கடைசியில் ஹோஸ் நிப்பிளும் ஹோஸும்.

வால்வு டிரம்மை ஒட்டியே இருப்பதால், டிரம் நிறைந்திருக்கும்போதே வால்வை மூடிவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றலாம். வால்வுக்கு முன்னால் யூனியனைப் போட்டால், அது ஒழுகினால் டிரம்மையே காலி செய்ய வேண்டி வரும்.

திரும்ப வேண்டிய இடத்தில் எல்போ போடாமல் டீ போடச் சொல்வது ஏன்? எல்போவில் அடைத்தால் உள்ளே குச்சி விட முடியாது. டீயில் நேர்வாயை மரை மூடியால் அடைத்து வைத்து, கீழ்வாய் வழியே கரைசலை விடலாம். அடைத்துக்கொண்ட அன்று மூடியைத் திருகி எடுத்து, மூங்கில் சிம்பு விட்டுத் தள்ளினால் தீர்ந்தது. செலவு சில ரூபாய்தான் அதிகம்.

மரை இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை மரை முடுகும் திசையிலேயே ஆறேழு சுற்று சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்து வரும். யூனியனிலும் மூடியிலும் பசை தடவக் கூடாது. பசை போட்ட மற்ற இணைப்புகளை ஒரு நாள் காய விட வேண்டும்.

கீழிருந்து மேலே ஏறும் வடிகட்டி

கரைசலை மேலிருந்து துணியில் ஊற்றி வடிகட்டினால் இரண்டு வாளிக்குள் துணி அடைத்துக்கொள்ளும். அதே கரைசலை அடியில் விட்டு, ஜல்லியின் ஊடே மேலே ஏறச் செய்தால் கனமான சாணமும் நாரும் தம் எடையாலேயே அடியில் தங்கிவிடும். தெளிவு மட்டும் மெதுவாக மேலே வரும்.

50 லிட்டர் டிரம்மின் அடியில் செங்கல் துண்டுகளை வைத்து, 6 அங்குல உயரத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டைப் பொருத்துங்கள். அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி 4 அங்குலமும், அதற்கு மேல் சிறு ஜல்லி 4 அங்குலமும் கழுவிப் பரப்புங்கள். மேலே இரண்டாக மடித்த நைலான் கொசுவலையைப் போட்டு, ஓரங்களில் கல் வையுங்கள். டிரம்மிலிருந்து வரும் ஹோஸ் தட்டுக்குக் கீழே, அடியிலிருந்து 4 அங்குலத்தில் நுழைய வேண்டும். தெளிந்த கரைசல் வெளியேறும் துளை, 1 அங்குல அளவில், அடியிலிருந்து 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். சகதி கழிக்க, தட்டுக்குக் கீழே இன்னொரு பக்கத்தில், அடிமட்டத்தை ஒட்டி ஒன்றரை அங்குல வால்வு ஒன்று வேண்டும்.

கணக்குப் பாருங்கள். வடிகட்டியின் வெளிவாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. புளிக்கும் டிரம்மின் வாயோ 3 அடி 4 அங்குலத்தில் இருக்கிறது. பெரிய டிரம்மில் கரைசல் கடைசி மட்டத்துக்கு வரும்போதும் 10 அங்குல உயர வித்தியாசம் மிச்சம் இருக்கும். ஆகவே மோட்டார் இல்லாமலே கரைசல் தானாக ஏறி வெளியே வரும். இந்த வித்தியாசத்தைக் குறைத்து விட்டால் பாதியிலேயே நின்று போகும்.

தொடங்குமுன் வடிகட்டியில் சுத்தமான தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். முடிவில் பெரிய டிரம்மில் நாலைந்து வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றினால், வடிகட்டியில் தங்கிய கரைசலும் வெளியே வந்துவிடும். ஒரு சொட்டும் வீணாகாது.

ஹோஸ் எங்கே, பைப் எங்கே?

வளைகிறதே என்று எல்லா இடத்திலும் ஹோஸைப் போடக் கூடாது. கழற்றி மாட்ட வேண்டிய இடங்களில் மட்டும் ஹோஸ் போதும். நீளமான ஓட்டத்துக்கு பி.வி.சி. பைப்பே நல்லது. வெயிலில் ஹோஸ் இளகித் தொய்யும். தொய்ந்த இடத்தில் சகதி உட்காரும்.

ஹோஸ் கறுப்பாக இருக்கட்டும். உள்ளே தெரிகிற வெள்ளை ஹோஸில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். இரண்டடிக்கு ஒரு இடத்தில் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுக்க வேண்டும். இணைப்பில் எவர்சில்வர் கிளிப் போட்டு முடுக்க வேண்டும். கம்பியால் முறுக்கிக் கட்டினால் ஹோஸ் வெட்டுப்படும்.

நீள ஓட்டத்தில் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். அதாவது 10 அடிக்கு இரண்டரை அங்குலம். கொத்தனாரின் ரசமட்டம் இல்லாவிட்டால், தண்ணீர் நிரப்பிய மெல்லிய டியூபின் இரு முனைகளையும் பிடித்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம். வழியில் மேடு ஒன்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேட்டின் உச்சியில் டீ போட்டு, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை டிரம்மின் வாயைவிட உயரமாகத் தூக்கிக் கட்டுங்கள். தங்கும் காற்று அதன் வழியே போய்விடும்.

வாய்க்காலில் விடுபவர்களுக்கு

வாய்க்கால் பாசனம் செய்வோர், வடிகட்டியின் வெளிவாயிலிருந்து பைப்பை மடையின் தலைப்புக்குக் கொண்டு போனால் போதும். குழாய் முனை வாய்க்கால் தண்ணீரில் மூழ்காமல் மேலே நிற்கட்டும். கரைசல் விழுவது கண்ணுக்குத் தெரியும். அடைத்தாலும் உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு வேகத்தில் விடுவது? கொல்லை முழுவதும் பாய 40 நிமிடம் ஆகிறது, கையில் 120 லிட்டர் கரைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3 லிட்டர் விட வேண்டும். 10 லிட்டர் வாளி நிரம்ப 3 நிமிடம் 20 விநாடி ஆகுமாறு வால்வைத் திருகி வைத்தால் கணக்குச் சரி. டிரம்மில் மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும். பாதியில் ஒரு முறை வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்க வேண்டும்.

சொட்டுநீரில் விடுபவர்களுக்கு

மூன்றடி மேடையின் உயரம் சொட்டுநீருக்குப் போதாது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பதுதான் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். 1 மீட்டர் மேடை அதில் பத்தில் ஒரு பங்கையே கொடுக்கும். வீட்டுக்கொல்லைக் காய்கறிப் பாத்திக்கு அது போதலாம், வயலுக்கு ஆகாது. மோட்டார் தள்ளும் நீரோடு கரைசலைச் சேர்க்க வெஞ்சூரி என்னும் கருவி உதவும். குழாய் குறுகும் இடத்தில் நீரின் வேகம் கூடி அழுத்தம் குறையும். அந்த இடத்தில் பக்கத்து ஹோஸ் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். இந்த இயல்பை ஆராய்ந்த இத்தாலி நாட்டு அறிஞர் வெஞ்சூரியின் பெயரையே இதற்கு வைத்துள்ளனர்.

மோட்டாரிலிருந்து வரிசை இப்படி இருக்க வேண்டும்: திரும்பா வால்வு, பிறகு மெயின் வால்வும் அதன் பக்கவழியில் வெஞ்சூரியும், பிறகு 120 மெஷ் வலை வடிகட்டி அல்லது தட்டு வடிகட்டி, பிறகு அழுத்தமானி, அதற்கு அப்பால் வயலுக்குப் போகும் குழாய். வெஞ்சூரியை வடிகட்டிக்கு அடுத்து வைப்பது பெருந்தவறு. அப்போது கரைசல் வடிகட்டியைத் தொடாமலேயே சொட்டுவானுக்குப் போய்விடும்.

நம் மேடையின் தெளிந்த கரைசல் நேராக வெஞ்சூரிக்குப் போக வேண்டாம். முதலில் தரையிலுள்ள 20 லிட்டர் வாளியில் விழட்டும். வாளியிலிருந்து அரை அங்குல ஹோஸ் வெஞ்சூரிக்குப் போகட்டும். ஹோஸ் முனையில் வலைக் குல்லாய் மாட்டி, வாளியின் அடியிலிருந்து 2 அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். வாளி காலியாகும் முன் வெஞ்சூரி வால்வை மூட வேண்டும். இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சும்.

முதல் 15, 20 நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு கரைசல், கடைசியில் மறுபடியும் 15, 20 நிமிடம் வெறும் தண்ணீர். கடைசித் தண்ணீரை மிச்சம் பிடிப்பவர் அடுத்த வாரம் சொட்டுவான்களை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திக்கொண்டிருப்பார். மாதம் ஒரு முறை பக்கக் குழாய்களின் முனை மூடிகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓட விட வேண்டும்.

கிணற்றைக் காப்பாற்றுங்கள்

இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும்.

கரைசல் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் நிற்கிறது. மெயின் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றை நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஓடும்போது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். திரும்பா வால்வு இல்லாவிட்டால் வெஞ்சூரி வழியே சாணக் கரைசல் கிணற்றில் இறங்கி விடும். அதே கிணற்றில் வீட்டுக்கும் மாட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் எடுப்பவர்கள் எத்தனை பேர்! சாணத்தில் உள்ள கிருமிகள் பேதி, வயிற்றுக்கடுப்பு முதலிய நோய்களைக் கொண்டு வரும். முதலில் விழுவது குழந்தைகளும் வயதானவர்களும்தான்.

ஆகவே மோட்டாருக்கும் வெஞ்சூரிக்கும் நடுவே திரும்பா வால்வு கட்டாயம். ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றி, உள்ளே உள்ள கதவு தடையின்றி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கரைசல் போகும்போது ஆள் அருகில் இருந்து, மின்சாரம் நின்றவுடன் வெஞ்சூரி வால்வை மூட வேண்டும்.

டிரம்முக்குத் தண்ணீர் பிடிக்கும் ஹோஸை உள்ளே முக்கி விடுவதும் இதே ஆபத்துதான். தெருக்குழாயில் நீர் நின்று வெற்றிடம் ஏற்பட்டால் டிரம்மிலுள்ள கரைசல் குடிநீர்க் குழாய்க்குள் ஏறும். தண்ணீர் பிடிக்கும் முனைக்கும் டிரம்மின் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். காசு செலவில்லாத காவல் இது.

மற்ற எச்சரிக்கைகள்

புளிக்கும் டிரம்மை இறுக மூடக் கூடாது. வாயு வெளியேற வழியின்றி டிரம் உப்பிவிடும். சாக்குத் துணியைப் போட்டு, அதன்மேல் வலை கட்டினால் ஈயும் கொசுவும் அண்டாது. குழந்தைகளும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். டிரம்முக்குள் தலையை விட்டுக் கழுவ வேண்டாம். பெரிய தொட்டியாகக் கட்டியிருப்பவர்கள், காலியாக இருந்தாலும் அதனுள் இறங்கக் கூடாது. நச்சு வாயுவால் உயிருக்கே ஆபத்து. நீண்ட கழியில் துடைப்பம் கட்டி வெளியிலிருந்தே கழுவ வேண்டும். பச்சையாகத் தின்னும் காய், கீரை மீது கரைசல் படாமல் மண்ணில் மட்டும் விட வேண்டும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்திலும் தென்னைகளைச் சாய்த்ததைக் கடலோர விவசாயிகள் மறக்க மாட்டார்கள். புயல் அறிவிப்பு வந்தால் காலி டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மேடையோடு கயிற்றால் பிணைத்துக் கட்டுங்கள். ஹோஸ்களைக் கழற்றி உள்ளே வைத்து விடுங்கள்.

முதல் சோதனை

எல்லாம் பொருத்தியபின் உடனே கரைசல் போட வேண்டாம். ஒரு நாள் வெறும் தண்ணீரை நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் முடுக்குங்கள். மேடை ஒரு பக்கம் இறங்குகிறதா என்று மட்டம் பாருங்கள். பிறகு வால்வைத் திறந்து, தண்ணீர் வடிகட்டியில் ஏறி வாளியில் விழுகிறதா என்று கவனியுங்கள்.

பழுது கண்டுபிடிப்பதும் சுலபமே. கரைசல் விட்டு விட்டு வந்தால் எங்கோ மேட்டில் காற்று தங்கியிருக்கிறது. வர வரக் குறைந்தால் வடிகட்டியின் அடியில் சகதி நிறைந்திருக்கிறது; அடி வால்வைத் திறந்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெஞ்சூரி உறிஞ்சாவிட்டால் மெயின் வால்வைச் சிறிது மூடிப் பார்க்க வேண்டும். அதன் உள்வாயிலும் வெளிவாயிலும் அழுத்தம் வேறுபட்டால்தான் அது உறிஞ்சும்.

ஒவ்வொரு முறையும் சகதியை அன்றைக்கே கழித்து எருக்குழியில் சேர்த்து விடுங்கள். குழாயில் காய்ந்த சாணம் சுண்ணாம்புக் காரை போலப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும்.

மேற்கொண்டு ஆலோசனை தேவைப்படுவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். மேடை கட்டுமுன் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துக்கொள்வது நலம்.

மேடை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சரிவாகப் போகும் குழாய், கழற்ற வரும் இணைப்பு, கிணற்றுக்குத் திரும்ப விடாத வால்வு: இம்மூன்றும் சரியாக அமைந்தால் ஒரே ஆள் முக்கால் ஏக்கருக்குக் கரைசலை விட்டுவிட்டு, அடுத்த வேலைக்கும் போகலாம். விவசாயப் பெருமக்கள் இம்முறையைத் தங்கள் வசதிக்கேற்ப அமைத்துப் பயன் பெறுவார்களாக.